உயிர்போன செல்பேசிக்கு என்ன விலை?

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவோடு போன வியாபாரியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவருடைய தராசில் ஏறிய பண்டம் எதுவானாலும் அதன் விலை எடையைப் பொறுத்தது. எடை மிகுந்தால் பழமும் மிகும் என்பதற்கு மேல் அந்த வியாபாரத்தில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. இன்று அவருடைய ஸ்தானத்தில் இருக்கும் காயலான் கடைக்காரரிடம், கண்ணாடி நொறுங்கி, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் பெறாத ஒரு செல்பேசியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரும்பின் கணக்கில் எடை போட்டால் சில ரூபாய்க்கு மேல் பெறாத அந்தப் பொருளுக்கு, அதைப்போல் பல மடங்கு தொகையை அவர் தயங்காமல் எடுத்துத் தருவார். பேசவும் கேட்கவும் இயலாத ஒரு கருவியில் அவர் விலை கொடுத்து வாங்குவது எதனை? அத்தனை மதிப்புள்ள வஸ்து ஒன்று அதற்குள் இருக்குமாயின், அதைச் செய்து விற்ற நிறுவனம் ஏன் திரும்பி வந்து அதைக் கேட்பதில்லை? இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும், முதற் கேள்விக்கு விடை தேடிப் புறப்படுகிறவர் இரண்டாவதன் வாசலில்தான் போய் நிற்பார்.

ஒரு டன் செல்பேசியும் கோலார்ச் சுரங்கமும்

அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்நாளில் புழங்கிய செல்பேசிகளைப் பாட்டரியும் சார்ஜரும் நீக்கி எடை பார்த்ததில் சராசரி 113 கிராம் இருந்தது. அதில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பல்லேடியம் என்னும் உயர்ந்த உலோகம் 0.015 கிராம். தங்கத்தை அலங்காரத்துக்காக அங்கே வைக்கவில்லை. துருவேறாமலும் மின்சாரத்தைத் தடுக்காமலும் பல ஆண்டுகள் இருக்கும் குணம் தங்கத்துக்கு உண்டு ஆதலால், இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கைமாற்றும் இடங்களிலெல்லாம் மெல்லிய தங்க முலாம் பூசுகிறார்கள். சில்லுகளுக்கு உள்ளே தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை வைத்து இணைக்கிறார்கள்.

34 மில்லிகிராம் தங்கம் கண்ணுக்கே சரியாகப் புலப்படாத அளவு. ஒரு சவரன் தங்கம் சேர வேண்டுமானால் இப்படிப்பட்ட 235 செல்பேசிகள் வேண்டும். ஆயினும் கணக்கை வேறு திசையிலிருந்து போட்டுப் பாருங்கள். ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 8,850 செல்பேசிகள். அவற்றிலுள்ள செம்பு 140 கிலோவுக்கு மேல். வெள்ளி மூன்று கிலோ. தங்கம் 300 கிராம், அதாவது முப்பத்தேழரைச் சவரன்.

இதைக் கோலாருடன் ஒப்பிட்டால்தான் இந்த அளவின் பெருமை விளங்கும். வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்து உழைத்த அந்தத் தங்கவயல், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டப்பட்டு, கடைசியில் ஒரு டன் பாறைக்கு மூன்று கிராம் அளவில் மட்டுமே தங்கம் கிடைக்கும் நிலைக்கு வந்து, இனி நஷ்டம் தாங்காது என்று 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. வெப்பமும் இருட்டும் நிறைந்த அந்த ஆழத்திலிருந்து நூறு டன் பாறையை உடைத்து மேலே கொண்டுவந்தால் கிடைக்கக்கூடிய தங்கம், மேசை இழுப்பறைகளில் தூங்கும் ஒரு டன் செல்பேசியில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் உற்பத்தியாளர்கள் தங்கத்தின் அளவைக் குறைத்து வருகிறார்கள் என்பது உண்மையே. எனினும் பாறையோடு ஒப்பிடும்போது சர்க்யூட் பலகை இன்றும் மிக வளமான தாதுதான்.

காயலான் கடைக்காரர் எதை வாங்குகிறார் என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் தங்கம் இருப்பது வேறு, அது கைக்கு வருவது வேறு.

கலந்ததைப் பிரிப்பது

ஒரு செல்பேசியில் அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்கள் இருக்கின்றன. இயற்கையில் கிடைக்கும் தனிமங்களில் இது பாதிக்கும் மேல். திரைக்கு இண்டியம், அதிர்வு தரும் சின்னஞ்சிறு மோட்டாரின் காந்தத்துக்கு நியோடிமியம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பொட்டுகளுக்கு டான்டலம், பாட்டரிக்கு லித்தியமும் கோபால்ட்டும் என்று உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் தோண்டிக் கொண்டுவந்த பொருள்கள், அணுவுக்கு அணுவாக ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் உருகியும் ஒட்டியும் கிடக்கின்றன. மிளகாயும் மல்லியும் துவரையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த சாம்பார்ப் பொடியிலிருந்து மஞ்சளை மட்டும் தனியே எடுத்துத் தரும்படி கேட்டால் என்ன சிரமமோ, அதே சிரமந்தான் இங்கும். கலப்பது இயற்கையின் போக்கு. பிரிப்பதற்கோ வெப்பமோ இரசாயனமோ உழைப்போ செலவழித்தாக வேண்டும். எத்தனைக்கு எத்தனை நுட்பமாகக் கலந்திருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை அந்தச் செலவும் கூடும். இந்த விதியிலிருந்து எந்த நாட்டுத் தொழிற்சாலைக்கும் விலக்கு இல்லை.

அடுப்பும் உலையும்

பிரிப்பதற்கு இன்று உலகில் வழக்கிலுள்ள முறைகள் இரண்டு.

முதல் முறையைக் காண வேண்டுமானால் தில்லியின் சீலம்பூருக்கோ, உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கை நதிக்கரையில் இருக்கும் பித்தளைத் தொழில் நகரமான மொராதாபாத்துக்கோ போக வேண்டும். அங்கே கரியடுப்பின்மேல் ஒரு தகரத் தட்டை வைத்து, அதன்மேல் சர்க்யூட் பலகையைக் கிடத்துகிறார்கள். பலகை சூடேறியதும் உறுப்புகளை ஒட்டவைத்திருக்கும் உலோகப் பற்று இளகி வெள்ளிபோல் மின்னத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் பலகையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் சில்லுகள் உதிர்ந்து விழுகின்றன. கையில் உறை இல்லை, மூக்கில் துணியும் இல்லை; எழும் புகையின் கார நெடி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். கம்பிகளை மொத்தமாகக் கொளுத்தி பிளாஸ்டிக் உறையைப் போக்கிச் செம்பை எடுக்கிறார்கள். அப்படி எரியும்போது உண்டாகும் டையாக்சின், மனிதன் அறிந்த கொடிய நஞ்சுகளுள் ஒன்று. பிறகு தங்கம் பூசிய முனைகளை நறுக்கி, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து, அதை மீட்டெடுத்தபின் எஞ்சிய திராவகத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள்.

இவ்வளவு கஷ்டமும் கேடும் போய், கிடைப்பது எவ்வளவு? பெங்களூரில் இத்தகைய பட்டறைகளை ஆராய்ந்தவர்கள், இருந்த தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மீட்கப்படுகிறது என்று கண்டார்கள். நம்முடைய ஒரு டன் கணக்கில் 300 கிராமுக்கு 75 கிராம்.

இரண்டாவது முறைக்குப் பெரிய உலை வேண்டும். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகருக்கு அருகிலுள்ள ஹோபோக்கனில் யூமிகோர் நிறுவனம் நடத்தும் உலை இதற்குப் பெயர்பெற்றது. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இதுபோன்றவை உண்டு. சர்க்யூட் பலகைகளைத் துண்டாக்கி ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலையில் இடும்போது, பிளாஸ்டிக் எரிபொருளாகி எரிந்துபோக, செம்பு உருகி அடியில் திரள்கிறது. உருகிய செம்புக்குத் தங்கம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றைத் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஓர் அரிய குணம் உண்டு. அந்தச் செம்பைப் பின்பு திராவகத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், சுத்தமான செம்பு எதிர்ப்பக்கத் தகட்டில் போய்ப் படிய, தங்கமும் வெள்ளியும் மண்டியாகத் தொட்டியின் அடியில் தங்கும். எழும் புகை முழுவதும் குழாய்களில் பிடிக்கப்பட்டு நஞ்சு நீக்கப்பட்ட பிறகே வானத்துக்கு விடப்படுகிறது. இந்த முறையில் தங்கத்தில் 95 சதவிகிதம் வரை மீள்கிறது. அதே ஒரு டன்னுக்கு 285 கிராம். அடுப்பு முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 210 கிராம், அதாவது இருபத்தாறு சவரன் சாக்கடையோடு போகிறது.

ஆனால் இந்த அற்புத உலையும் எல்லாவற்றையும் மீட்டுவிடுவதில்லை. நியோடிமியமும் டான்டலமும் செம்போடு சேராமல் கசடாகிய கண்ணாடிக் குழம்பில் கரைந்து மறைகின்றன. எந்தத் தனிமம் எதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தீர்மானித்தவர் உலைக்காரர் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மேசையின்மேல் அந்தச் செல்பேசியின் வரைபடத்தைப் போட்டவர்.

ஈயத்தை வைத்தவர் யார்?

இந்த விஷயத்தில் எனக்குள்ள அபிப்பிராயம் முழுவதும் ஈயத்தின் சரித்திரத்தில் அடங்கியிருப்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் குய்யூ என்று ஓர் ஊர். மேலே சொன்ன அடுப்புத் தொழிலே அங்கே பல்லாயிரம் பேருக்கு ஜீவனோபாயமாக இருந்தது. மேல்நாடுகளில் கழித்துப் போட்ட கணினிகளும் தொலைக்காட்சிகளும் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கின. ஆபத்தான கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்த 1989இல் பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டும் அந்த வரத்து நிற்கவில்லை. ஷான்டோ பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அவ்வூரில் ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007இல் வெளியிட்ட முடிவில், ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு மேல், அன்று அபாய அளவாகக் கருதப்பட்ட எல்லையைத் தாண்டிய ஈயம் இருந்தது தெரியவந்தது. ஈயம் உடம்பில் சுண்ணாம்புச் சத்தின் வேஷத்தில் நுழைவது. வளரும் மூளையில் புகுந்தால் அறிவையும் கவனத்தையும் குறைத்துவிடும். ஏற்பட்ட சேதத்தைத் திருப்ப மருந்து கிடையாது. அந்தக் குழந்தைகள் ஒரு கணினியையும் வாங்கியவர்களல்லர், விற்றவர்களுமல்லர்.

அந்த ஈயத்தின் ஒரு பகுதி, பலகையில் உறுப்புகளை ஒட்டவைத்த பற்றிலிருந்து வந்தது. நம் ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் சால்டர் என்று சொல்லும் அது, நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது. வேறு எந்த விகிதத்திலும் இல்லாதபடி இந்த விகிதத்தில் மட்டும் அது 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று இறுகும்; மலிவு, வேலைக்கும் சுலபம். ஆதலால் உலகத் தொழிற்சாலைகள் அனைத்தும் அதையே கைக்கொண்டன. ஈயத்தின் தீங்கு தெரியாத காலமும் அல்ல அது. பெட்ரோலிலிருந்தும் வண்ணப்பூச்சுகளிலிருந்தும் அதை நீக்கும் முயற்சிகள் முன்பே நடந்துகொண்டிருந்தன. சால்டருக்கு மாற்றுத் தேடும்படி கட்டாயப்படுத்துவார் இல்லை, அவ்வளவுதான்.

கட்டாயம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய ஆறு பொருள்களைப் புதிய மின்கருவிகளில் மிகச் சொற்ப அளவுக்கு மேல் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி செய்து, 2006 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஒரு முன்னறிகுறி உண்டாயிற்று. 2001 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு வந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளை, அவற்றின் கம்பிகளில் அளவுக்கு மிஞ்சிய காட்மியம் இருந்ததன் காரணமாக நெதர்லாந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். முடக்கப்பட்டவை சுமார் 13 லட்சம் பெட்டிகள். தனக்குக் கம்பி விற்றவரும், அவருக்குச் சாயம் விற்றவரும் எதைச் சேர்க்கிறார்கள் என்று கேட்டறிவதும் தன் கடமையே என்பதை உலகின் பெரிய நிறுவனங்கள் அன்று கற்றுக்கொண்டன.

விதி வரும் என்று தெரிந்த சில ஆண்டுகளுக்குள், அரை நூற்றாண்டாக மாற்ற இயலாது என்று எண்ணப்பட்டது மாறியது. வெள்ளீயத்தோடு மூன்று பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் சேர்த்த புதிய சால்டர் வந்தது. அது உருக 217 டிகிரி வேண்டும், எனவே யந்திரங்களையும் பலகைகளையும் உறுப்புகளையும் திருத்த வேண்டியிருந்தது, திருத்தினார்கள். ஐரோப்பாவுக்கென்று ஒரு செல்பேசி, ஆசியாவுக்கென்று ஒரு செல்பேசி செய்வது கட்டுப்படியாகாத காரணத்தால், அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போடாத நம் நாட்டு ஜனங்களுக்கும் அதன் பலன் வந்து சேர்ந்தது. குய்யூவின் அடுப்படிகளில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பாதுகாப்பு உபதேசம் செய்திருந்தாலும் நிகழாத காரியம், தொழிற்சாலையில் உலோகக் கலவை ஒன்றை மாற்றியதால் நிகழ்ந்தது.

செய்தவரின் கடமை

ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1990இல் தம் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில், ஒரு பொருளை விற்றவுடன் அதைச் செய்தவரின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது, அதன் ஆயுள் முடிவு வரை நீள வேண்டும் என்று வாதித்தார். இதனை நீட்டித்த உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறார்கள். இதன் நியாயம் எளிது. பழைய பொருளை மீட்கும் செலவு ஊராட்சியின் தலையில் விழுந்தால், வரைபடம் போடுகிறவருக்கு அதைப்பற்றிச் சிந்திக்கக் காரணமே இல்லை. அதே செலவு அவருடைய கணக்கில் விழுந்தால், பிரிக்க எளிதாகச் செய்வது அவருக்கே இலாபமாகிவிடும். ஜப்பானில் 2001 முதலும், ஐரோப்பாவில் அதைத் தொடர்ந்தும் இது சட்டமாயிற்று.

இந்தியாவில் 2011இல் எழுதப்பட்ட விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. பின்பு 2016இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டன. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள முறைப்படி, தான் விற்ற பொருள்களுக்கு ஈடாக இத்தனை சதவிகிதம் என்று உற்பத்தியாளர் மறுசுழற்சி செய்வித்தாக வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவிகிதம், பிறகு 70, 2027-28 முதல் 80. பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சான்றிதழ் வாங்கி இந்தக் கடமையைத் தீர்க்கலாம். சான்றிதழுக்கு இதற்குக் கீழே விலை போகலாகாது என்று அரசு நிர்ணயம் செய்தபோது, அது அதிகம் என்று சில பெருநிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

இந்த விதிகளை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் இவற்றில் ஒரு பெரிய குறை இருக்கிறது. சான்றிதழ் கணக்கு இரும்பு, அலுமினியம், செம்பு, தங்கம் ஆகிய நான்கு உலோகங்களையே பார்க்கிறது. விலை பெறும் இந்த நான்கையும் எடுக்கக் காயலான் கடைக்காரருக்குச் சட்டமே தேவைப்படவில்லை. யாரும் விரும்பி எடுக்காத பொருள்களுக்குத்தான் சட்டத்தின் துணை வேண்டும். 2006 முதல் தமிழக அரசு வீடுதோறும் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளை எண்ணிப் பாருங்கள். அவ்வகைப் பெட்டியின் படக்குழாயில் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு உண்டு. செம்புச் சுருளைக் கழற்றிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டுப் போனவரை நான்கு உலோகக் கணக்கு என்ன செய்யும்?

உலக நிலைமையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது.

பசையும் திருகாணியும்

இதுவரை இறந்த செல்பேசியைப் பற்றியே பேசினோம். அது இறக்காமல் இருந்தால் என்ன என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரு செல்பேசி தன் வாழ்நாளில் வளிமண்டலத்துக்கு அனுப்பும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அது உற்பத்தியாகும்போதே வெளிப்பட்டுவிடுகிறது. நாம் தினந்தோறும் சார்ஜ் ஏற்றுவதால் உண்டாவது மிகச் சொற்பம். ஆகவே இரண்டு ஆண்டில் கழிக்கப்படும் செல்பேசியை நான்கு ஆண்டு வைத்திருந்தால், ஆண்டுக் கணக்கில் அதன் பாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எந்த உலையாலும் சாதிக்க முடியாத இலாபம் இது.

செல்பேசியின் ஆயுளை முதலில் முடிப்பது பெரும்பாலும் அதன் பாட்டரிதான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு ரிப்பேர்க் கடையின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். சூடான தகட்டின்மேல் செல்பேசியைக் குப்புற வைத்துப் பசை இளகும் வரை காத்திருந்து, கிட்டார் மீட்டும் வில்லை போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் செருகி, கண்ணாடி விரிசல் விடாதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் நகர்த்துகிறார் அந்த இளைஞர். உள்ளே பாட்டரியும் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. வளைத்து நெம்பினால் தீப்பற்றக்கூடிய பண்டம் அது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பின்மூடியை நகத்தால் தள்ளிக் குழந்தைகூடச் செய்துகொண்டிருந்த காரியம், இப்போது நிபுணரின் சாமர்த்தியத்தைக் கேட்கிறது. மெலிவுக்காகவும் தண்ணீர் புகாமல் இருப்பதற்காகவும் பசை வேண்டியிருக்கிறது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் என்னும் சிறிய நிறுவனம், ஒரு திருகாணிமுடுக்கியைக் கொண்டே கழற்றி மாட்டக்கூடிய செல்பேசிகளைப் பல ஆண்டுகளாகச் செய்து விற்று வருகிறது. முடியும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சால்டர் விஷயத்தில் நடந்ததே இங்கும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 2021இல், ஒரு செல்பேசியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, விலைச் சீட்டின் அருகிலேயே ஒட்டி வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும்; மென்பொருளை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தர வேண்டும்; பாட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவிகிதத் திறன் உடையதாக இருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அமர்ந்து பூட்டி அனுப்பும் செல்பேசிகள் ஐரோப்பாவுக்குப் போகும்போது இந்த விதிகளுக்கு உட்பட்டே போகின்றன. அதே செல்பேசியைத் தாம்பரத்திலோ தஞ்சாவூரிலோ வாங்குகிறவருக்கு அந்த உரிமைகளைத் தரும் சட்டம் இந்தியாவில் இன்னும் எழுதப்படவில்லை. அது வரும்வரை நாம் கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. அடுத்த முறை செல்பேசி வாங்கப் போகும்போது, படம் எப்படி விழும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பாட்டரியை மாற்ற என்ன செலவாகும், பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், பழையதை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்த கடைக்குப் போய் வாங்குங்கள்.